குகைச் சாம்பலும் காட்டின் வரலாறும்
சபரகமுவையின் தொல்சூழல் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

வரலாறு எனப்படுவது முடியுடை மன்னரின் வெற்றி தோல்விகளையும் அவர்கள் பொறித்த சாசனங்களையும் மட்டும் கூறுவதன்று. எழுத்துத் தோன்றாக் காலத்து மாந்தர்க்கும் வரலாறு உண்டு. ஆயின் அவ்வரலாற்றை எழுதப் புகுவோர்க்குக் கல்வெட்டும் ஏடும் துணை நில்லா. அவர்க்குத் துணையாவன மண்ணும் சாம்பலும் எரிந்த விதையும் உதிர்ந்த பல்லுமே. இவற்றை ஆய்வுகூடத்திற்குக் கொண்டுசென்று வினவும்போது, அம்மாந்தர் யாவர் என்பது மட்டுமன்றி, அவரைச் சூழ்ந்து நின்ற காடு எத்தகையது, அன்று பெய்த மழை எவ்வளவினது என்பனவும் புலப்படலாயின. இவ்வகை ஆய்விற்கு இலங்கையில் மிகச் சிறந்த களமாக விளங்குவது சபரகமுவையே எனலாம்.

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களை உள்ளடக்கிய இம்மாகாணம், மத்திய மலைநாடு மேற்கும் தெற்குமாகச் சரிந்து தாழ்நிலத்தைத் தொடும் பகுதியாகும். தென்மேற்குப் பருவக்காற்றை நேரே எதிர்கொள்வதனால் இரத்தினபுரிப் பகுதி ஆண்டுதோறும் 3,000 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழையைப் பெறுகின்றது. இன்று இம்மலைச்சாரல்களைக் காண்போர் கண்ணுக்குப் புலனாவன தேயிலைத் தோட்டங்களும் இறப்பர்த் தோட்டங்களும் அவற்றினிடையே நீண்டு கிடக்கும் லயன் வரிசைகளுமே. இத்தோட்டங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் காட்டை அழித்து ஆக்கப்பட்டவை. அதற்கு முன் இம்மலைகளில் நின்ற காடு எத்துணைப் பழமை வாய்ந்தது? அக்காட்டினுள் மனிதர் வாழ்ந்தனரா? வாழ்ந்தனராயின் எவ்வாறு வாழ்ந்தனர்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாணிக்கக் குழியும் மலைக்குகையும்

இரத்தினபுரியின் பெயரை உலகறியச் செய்தவை மாணிக்கக் கற்களாகும். மாணிக்கம் அகழ்வோர் தேடிச் செல்லும் பரற்கற் படையில் கற்களோடு பழைய விலங்குகளின் எச்சங்களும் இடையிடையே கிடைத்துள்ளன. கொழும்பு அரும்பொருட்சாலையின் பணிப்பாளராக விளங்கிய பி. ஈ. பி. தெரணியகல இவற்றை அரிதின் முயன்று சேகரித்து ஆராய்ந்தார். இன்று இலங்கையிற் காணப்படாத நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் எச்சங்கள் அவற்றுள் இருந்தமை அறிஞரை வியப்பில் ஆழ்த்தியது. சிங்கத்தின் பற்கள் கிடைத்த இடம் குருவிட்டப் பகுதியாகும். சிங்கம் அடர்காட்டை விரும்பும் விலங்கன்று, புல்வெளியை நாடுவது. எனவே ஒரு காலத்தில் இரத்தினபுரி நிலம் திறந்த புல்வெளியாக இருந்திருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் எழுந்தது இயல்பே.

ஆயின் இச்சான்றில் ஒரு குறைபாடு உண்டு. மாணிக்கக் குழியின் பரற்படை ஆற்றினால் அடித்து வரப்பட்டுப் படிந்தது. வெவ்வேறு காலத்து எச்சங்கள் நீரால் அரிக்கப்பட்டு ஒரே படையிற் கலந்துவிடுதல் கூடும். அங்ஙனம் கலந்தவற்றைக் கொண்டு விலங்குகளின் பட்டியலைத் தயாரிக்கலாமேயன்றி, எது முந்தியது எது பிந்தியது என்று துணிதல் அரிது. காலவரிசை இல்லாத இடத்தில் வரலாறும் இல்லை.

இக்குறையை நிறைவு செய்வன குகைகளாகும். குருவிட்டைக்கு அண்மையிற் சிவனொளிபாதமலையின் அடிவாரச் சாரலில் அமைந்த பட்டதொம்ப லெனவும், கேகாலை மாவட்டத்தில் களனி கங்கைப் பள்ளத்தாக்கையொட்டிய கித்துல்கல பெலி லெனவும் இவற்றுட் தலையாயவை. லென என்பது குகையைக் குறிக்கும் சிங்களச் சொல். மேலே கவிந்து நிற்கும் பாறை மழையைத் தடுக்க, அடியில் மண்ணும் சாம்பலும் எலும்பும் படைபடையாக அடுக்கடுக்காய்ப் படிந்துள்ளன. படைகள் குலையாத இடத்தில் அடியிற் கிடப்பது முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது என்னும் எளிய விதி செல்லுபடியாகும்.

பட்டதொம்ப லெனவில் முதன்முதல் அகழ்ந்தவர் பி. ஈ. பி. தெரணியகலவே, இது 1930களின் இறுதியில் நிகழ்ந்தது. 1980களின் தொடக்கத்தில் அவர் மைந்தரும் பின்னாளில் தொல்பொருள் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகமாக விளங்கியவருமான சிரான் தெரணியகல அங்கு முறையான அகழ்வை நடத்தினார். 2005 ஆம் ஆண்டில் நிமல் பெரேரா மீண்டும் அவ்விடத்தை அகழ்ந்தார். பெலி லெனவை அகழ்ந்தவர் டபிள்யூ. எச். விஜயபால. இவ்வறிஞர்களின் பணியாலேயே மண்வெட்டிக்கும் ஆய்வுகூடத்துக்கும் இடையே பாலம் அமைந்தது.

கரி கூறும் காலம்

சூழலை அறிதற்கு முன் காலத்தை அறிதல் வேண்டும். இதற்கு உதவுவது அடுப்புக் கரியாகும். உயிருள்ள மரம் வளியிலிருந்து காபனை உள்ளெடுக்கும்போது கதிர்த்தொழிற்பாடுடைய காபன்-14 என்னும் சமதானியையும் மிகச் சிறிதளவில் உள்ளெடுக்கின்றது. மரம் இறந்ததும் உள்ளெடுத்தல் நின்றுவிடுகின்றது. ஏற்கெனவே உள்ள காபன்-14 சிதைந்துகொண்டே செல்கின்றது. ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் அது பாதியாகக் குறையும். எஞ்சியிருப்பதை அளந்தால் மரம் இறந்து எவ்வளவு காலமாயிற்று என்பது தெரியவரும். ஏறக்குறைய 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் எஞ்சுவது அளத்தற்கரிய சிற்றளவாதலின் இம்முறை அதற்கு மேற் பயன்படாது.

பட்டதொம்ப லெனவின் அடிப்படையிலிருந்து பெறப்பட்ட முந்தைய அளவீடுகள் ஏறத்தாழ 28,500 ஆண்டுகள் எனக் காட்டின. வளிமண்டலத்தில் காபன்-14 இன் அளவு எக்காலத்தும் ஒரே சீராக இருந்ததன்று. அவ்வேறுபாட்டைக் கருத்திற் கொண்டு திருத்திய பின்னர், புதிய மாதிரிகளையும் சேர்த்து நோக்குகையில், மனிதர் அங்கு வந்த காலம் ஏறத்தாழ 36,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது என அறியப்பட்டது. பெலி லெனவில் அண்மையில் மேற்கொள்ளப்பட்டு 2020 இல் வெளியான ஆய்வு, அங்குள்ள படைகள் ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கும் 8,000 ஆண்டுகளுக்கும் இடைப்பட்டவை எனக் காட்டுகின்றது. படிகக் கல்லிற் செதுக்கப்பட்ட பிறை வடிவும் முக்கோண வடிவுமான நுண்கற்கருவிகள் இக்குகைகளின் மிகப் பழைய படைகளிலேயே காணப்படுகின்றன. ஐரோப்பாவில் இத்தகைய வடிவங்கள் பரவலாயினது பனிக்கட்டிக் காலம் முடிவுற்ற பின்னரே என்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

விதையும் ஓடும்

காலம் துணியப்பட்ட பின் சூழல் பற்றிய வினா எழுகின்றது. அகழ்ந்தெடுத்த மண்ணை நீரிற் கரைத்து நுண்ணிய சல்லடையால் அரிக்கும்போது, எரிந்து கரியான விதைகளும் கோதுகளும் வெளிப்படுகின்றன. பச்சையாக இருந்தால் இவை ஈர மண்ணில் என்றோ அழுகியிருக்கும். நெருப்பே இவற்றைக் காத்தது. நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து இன்றைய தாவரங்களோடு ஒப்பிட்டபோது, சிங்களத்தில் கெக்குண எனப்படும் மரத்தின் கொட்டைக் கோதுகள் பெருந்தொகையினவாயும், அவற்றோடு காட்டு ஈரப்பலாவும் காட்டு வாழையும் அடையாளங் காணப்பட்டன. இவை யாவும் ஈரவலயக் காட்டுக்கு உரியவை.

எலும்புகளும் இதனையே மொழிகின்றன. வேட்டையாடப்பட்டவற்றுட் பெரும்பாலானவை குரங்கு, மந்தி, அணில் முதலாய மரம்வாழ் விலங்குகள். அவற்றோடு மழைக்காட்டு நத்தைகளின் ஓடுகள் குவியல் குவியலாகக் கிடந்தன. ஈர அயன மண் அமிலத் தன்மை உடையதாதலால் எலும்பை விரைவிற் கரைத்துவிடும். நத்தையோட்டின் சுண்ணாம்பும் அடுப்புச் சாம்பலும் அவ்வமிலத்தைத் தணிப்பன. உண்டு எறிந்த ஓடே பின்வந்தோர்க்குச் சான்றையும் காத்துத் தந்தது எனலாம்.

மண்ணையும் வினவ முடியும். படையைக் குலைக்காது கட்டியாக வெட்டியெடுத்துப் பிசின் ஊட்டி இறுகச் செய்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தகடாகத் தேய்த்து நுணுக்குக்காட்டியில் நோக்குவது ஒரு முறை. பெலி லெனவின் மண்ணை இவ்வாறு நிக்கொஸ் கூரம்பாஸ் முதலியோர் ஆராய்ந்து 2009 இல் முடிவுகளை வெளியிட்டனர். பாறையிலிருந்து உதிர்ந்தது எது, நீரால் அடித்து வரப்பட்டது எது, மனிதர் மூட்டிய நெருப்பின் சாம்பல் எது என்று வேறுபிரித்து அறிய இம்முறை வழி செய்கின்றது.

பல் கூறும் காடு

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். குகையிற் கிடைத்த எலும்பும் கொட்டையும் அம்மாந்தர் எப்போதோ ஒருமுறை காட்டினுட் புகுந்து தேடிக் கொண்டவையாக இருக்கலாமன்றோ? அவர்தம் அன்றாட வாழ்வு வெளியே புல்வெளியில் அமைந்திருக்கலாமன்றோ? அயன மழைக்காடு மனிதர்க்கு உகந்த இடமன்று, வேளாண்மையின் துணையின்றி அதனுள் நிலைத்து வாழ்தல் இயலாது என்னும் கருத்து 1980களின் இறுதியில் மானிடவியலாளர் சிலரால் வலியுறுத்தப்பட்டது. அக்கருத்து மெய்யாயின் சபரகமுவைக் குகைகள் வழிப்போக்கரின் தங்குமிடங்களே அன்றி வேறல்ல.

இத்தடைக்கு விடை தந்தது மனிதப் பல்லே. காபனுக்குக் காபன்-12, காபன்-13 என்னும் சிதையாச் சமதானிகளும் உள. மரங்களும் பெரும்பாலான செடிகொடிகளும் ஒளித்தொகுப்பின்போது காபன்-13 ஐ மிகவும் ஒதுக்குவன. வெப்பநாட்டுப் புற்களோ, குரக்கன், சோளம், கரும்பு ஆகியன உட்பட, அதனை அவ்வளவாக ஒதுக்குவதில்லை. நெல் இவ்வகையிற் சேராது மரங்களின் வகையிற் சேர்வது நினைவிற் கொள்ளத்தக்கது. அடர்ந்த காட்டின் நிழலில் இவ்வேறுபாடு மேலும் மிகும். அழுகும் இலைகளிலிருந்து வெளிப்படும் காபனீரொட்சைட்டே அங்கு மீண்டும் உறிஞ்சப்படுவதாலும் ஒளி குறைவாலும் அவ்விலைகளிற் காபன்-13 மிகத் தாழ்ந்து காணப்படும். இலையை உண்ட விலங்கிலும், விலங்கை உண்ட மனிதரிலும் இவ்வடையாளம் தங்கிவிடுகின்றது.

பல்லின் மேற்புறத்தே உள்ள மிளிரி உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். இளமையில் உருவாகிய பின் அது மாறுவதில்லை. ஈர மண்ணிலும் எளிதில் அழிவதில்லை. எனவே ஒருவர் வளரும் பருவத்தில் நாள்தோறும் உண்ட உணவு காட்டினதா வெளியினதா என்பதை அது கூறும். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்த பற்றிக் றொபேட்ஸ், நிமல் பெரேரா, ஓஷான் வெடகே, சிரான் தெரணியகல முதலியோர், பட்டதொம்ப லென உள்ளிட்ட இலங்கைத் தொல்லியல் இடங்களிற் கிடைத்த 26 மனிதரின் பற்களை இவ்வாறு ஆராய்ந்து, 2015 இல் சயன்ஸ் என்னும் இதழில் முடிவை வெளியிட்டனர். அப்பற்கள் ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கும் 3,000 ஆண்டுகளுக்கும் இடைப்பட்டவை. இருவர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் மழைக்காட்டின் உணவையே நம்பி வாழ்ந்தமை தெரியவந்தது. புல்வெளி உணவின் அடையாளம் காட்டிய அவ்விருவரும் ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன், வேளாண்மை பரவத் தொடங்கிய இரும்புக்கால வாயிலில் வாழ்ந்தோர். ஆகவே குகைவாழ்நர் காட்டின் விருந்தினரல்லர்; காட்டின் குடிகள் என்பது பெறப்படும்.

மகரந்தம் எழுப்பும் முரண்

எனினும் ஒரு முரண் எஞ்சுகின்றது. சபரகமுவையின் எல்லையை அடுத்து மேலே 2,000 மீற்றருக்கும் உயர்ந்து கிடப்பது ஹோட்டன் சமவெளி. அங்குள்ள சதுப்பு மண்ணிற் படிந்த மகரந்த மணிகளை ரத்னசிறி பிரேமதிலக ஆராய்ந்தார். மகரந்தத்தின் புறவோடு அழியாத் தன்மையது; ஒவ்வொரு தாவரத்துக்கும் அதன் வடிவம் வேறு. 2003 இல் வெளியான அவ்வாய்வு, பனிக்கட்டிக் காலத்தின் உச்சத்திற் பருவமழை நலிந்து அம்மேட்டுநிலம் வறட்சியுற்றிருந்தமையைக் காட்டியது. அவ்வுச்சம் ஏறத்தாழ 26,000 முதல் 19,000 ஆண்டுகளுக்கு முன் நிலவியது. அக்காலத்தில் உலகின் கடல்மட்டம் ஏறக்குறைய 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்குநீரிணை தரையாகி இலங்கை இந்தியாவோடு இணைந்திருந்தது.

மேலே வறட்சி நிலவ, கீழே மழைக்காடு நின்றது எங்ஙனம்? நிமல் பெரேரா முதலியோர் 2011 இல் வெளியிட்ட பட்டதொம்ப லென ஆய்வு, வறட்சி மிக்க அக்காலத்தும் அச்சுற்றாடலில் மழைக்காடு நீங்காது நின்றது எனக் கூறுகின்றது. இருவகைச் சான்றும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. உயர்ந்து குளிர்ந்த மேட்டுநிலம் வேறு, காற்றை எதிர்கொள்ளும் தாழ்சாரல் வேறு. மிகுந்த மழை பெறும் சாரலில் மழை ஓரளவு குறைந்தாலும் காடு பிழைத்தற்குப் போதிய நீர் எஞ்சும் எனக் கொள்ளுதல் பொருந்தும். ஓரிடத்து மகரந்தத்தைக் கொண்டு நாடு முழுவதற்கும் தட்பவெப்பம் வகுத்தலும், மாணிக்கக் குழியின் சிங்கப் பல்லைக் கொண்டு எல்லாக் காலத்துக்கும் புல்வெளி வகுத்தலும் ஒரே வகைப் பிழையாகும்.

சூழல் மாறியபோது மனிதரும் மாறினர். பனிக்கட்டிக் கால உச்சத்துக்கு முன் சிறு கூட்டத்தினர் பட்டதொம்ப லெனவுக்கு இடையிடையே வந்து தங்கிச் சென்றனர். ஏறத்தாழ 16,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை மீண்டும் வலுப்பெறலாயிற்று. அதன்பின் அக்குகையில் அடுப்புகள் அடுத்தடுத்து அமைந்தன. கம்பம் நட்ட குழிகளும் தோன்றின. அணிலும் நன்னீர் நத்தையும் கெக்குணக் கொட்டையும் உணவிற் பெருகின. தொடக்கந்தொட்டே 80 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கடற்கரையிலிருந்து சிப்பி மணிகள் இக்குகைக்கு வந்து சேர்ந்துள்ளன. காட்டினுள் வாழ்ந்தோர் உலகத்தோடு தொடர்பற்று வாழ்ந்தாரல்லர் என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுவதில்லை.

முடிவுரை

இவ்வாய்வுகளால் விளையும் பயன் யாது? முதலாவது, மழைக்காடு மனிதரைத் தடுக்கும் மதில் என்னும் கருத்தைச் சபரகமுவையின் சாம்பல் தகர்த்துள்ளது. உலக வரலாற்றுக்கு இச்சிறு மாகாணம் அளித்த பங்களிப்பு இது. இரண்டாவது, இந்நாட்டில் முன்வந்தோர் யாவர் என்னும் வழக்கு ஓயாது நடைபெறுகின்றது. அவ்வழக்கின் சுமையைப் பல தலைமுறைகளாகத் தாங்கியோருள் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்த தோட்டத் தொழிலாளரும் அடங்குவர். குகையின் அடுப்போரம் இருந்தோர் எம்மொழி பேசினர் என்று எந்தக் கரியும் கூறாது. இன்று இந்நாட்டில் வழங்கும் மொழிகளின் வரலாற்றுக்கெல்லாம் அவர் மிக முந்தியவர். 36,000 ஆண்டுகள் என்னும் அளவுகோலை எதிரே வைத்து நோக்குவார்க்கு அவ்வழக்கு எத்துணைச் சிறியதென்பது விளங்கும்.

மூன்றாவது, இது கடந்தகாலத்தோடு முடிந்துவிடும் செய்தியன்று. பனிக்கட்டிக் கால வறட்சியையும் தாங்கி நின்ற காடு, தோட்டப் பயிர்ச்செய்கை தொடங்கிய பின் இரு நூற்றாண்டுக்குட் பெரும்பகுதி மறைந்தது. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் பெருமழையால் மலை சரிந்து உயிர்கள் பல மாண்டன. மழையும் மண்ணும் மரமும் தம்முள் கொண்ட உறவை நெடுங்கால நோக்கில் அறிதல், அச்சரிவுகளின் அடியில் வாழ்வோர்க்கு வெறும் ஏட்டறிவன்று.

ஆயின் அறிதற்குரிய ஏடு அழிந்துகொண்டிருக்கின்றது. குகை மண்ணை உரமென்று அள்ளுதலும் புதையலென்று தோண்டுதலும் ஒரு பொழுதிற் பல்லாயிரம் ஆண்டுப் படைகளைக் கலைத்துவிடும். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் நூலில் உண்டு. குகையருகே காவல் இல்லை எனில் அதனால் ஆவது சிறிது. குகைகளுக்கு அண்மையில் வாழ்வோர் கிராமத்தவரும் தோட்ட மக்களுமே. பாடசாலைகளில் இவ்வரலாறு சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்படுமாயின், தம் காலடியில் உள்ள சாம்பல் இன்னதென்று அவர்தம் பிள்ளைகள் அறிவர். அறிந்தோர் அதனை அள்ள விடார். அவர்களினும் சிறந்த காவலர் அக்குகைகளுக்கு வாய்த்தல் அரிது.